தாழ்மை கற்க யாக்கோபிடம் போங்கள்

தாழ்மைக்கு உதாரணம் கேட்டால் நம் ஆட்கள் மோசேயைச் சொல்வார்கள், இல்லையென்றால் நல்ல நிலத்தை லோத்துக்கு விட்டுக்கொடுத்த ஆபிரகாமை. நான் யாக்கோபைச் சொல்வேன். காரணம், அவரிடம் தாழ்மை பிறவியிலேயே இல்லை. அண்ணனின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்தவர், அதே அண்ணன் பசியோடு வந்து நின்றபோது ஆணையிட வைத்து, பயற்றங்கூழுக்குச் சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, வாங்கிக்கொண்டவர். அப்படிப்பட்ட ஆள் எப்படி மாறினார் என்று பார்த்தால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு உருப்படியான வழி கிடைக்கும்.

முதல் வேலை வாசிப்பது. பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 25 முதல் 49-ம் அதிகாரம் வரை, ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் மகன் யோசேப்பு எகிப்தில் இருக்கும் அதிகாரங்களை வேகமாகக் கடந்தாலும் பரவாயில்லை. கையில் ஒரு பென்சில் வைத்துக்கொண்டு, யாக்கோபு தன்னைப் பற்றித் தானே பேசும் இடங்களை மட்டும் கோடிடுங்கள்.

இரண்டு கோடுகள் உங்களை நிறுத்தும். 27-ம் அதிகாரத்தில் கண் மங்கிய தகப்பன் ஈசாக்கு “நீ யார்” என்று கேட்கிறார், இவர் கூசாமல் அண்ணன் பேரைச் சொல்லி “ஏசா” என்கிறார். 32-ம் அதிகாரத்தில், யாப்போக்கு ஆற்றுத்துறையில் விடியும்வரை அவரோடு போராடியவர் “உன் பேர் என்ன” என்று கேட்கிறார், இந்த முறை “யாக்கோபு” என்கிறார். இரண்டு இடத்திலும் அவருக்கு வேண்டியது ஆசீர்வாதம்தான். ஆனால் முதல் முறை பேரை மாற்றிச் சொல்லி வாங்கினார், இரண்டாம் முறை சொந்தப் பேரைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பேரில் ஏய்க்கிறவன் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஏசாவே அதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். ஆக, பேரைச் சொன்னதே பாதி அறிக்கை.

இதைப் பழக்கமாக்க ஒரு வழி: ஜெபத்தில் “நான் பாவி, புழு, ஒன்றுக்கும் உதவாதவன்” என்று பொதுவாகச் சொல்வதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். அது சொல்கிறவருக்கே உறுத்தாது. அதற்குப் பதிலாக, யாரிடம், எந்த நாளில், என்ன பொய் சொன்னேன் என்று ஒரே ஒரு வரி. எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

அடுத்து, ஏசாவின் கோபத்துக்குத் தப்பி அவர் ஓடிப்போன இடம், ஆரானில் மாமன் லாபான் வீடு. மாமனின் இளைய மகள் ராகேலுக்காக ஏழு வருஷம் உழைத்தவருக்கு இருட்டில் மூத்த மகள் லேயாளைக் கொடுத்துவிட்டு, மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்கிறார் லாபான். மூத்தவன், இளையவன் என்ற பேச்சு யாக்கோபுக்கு எங்கே போய்க் குத்தியிருக்கும்! அதற்கு அவர் திருப்பி ஒரு வார்த்தை சொன்னதாக அங்கே எழுதப்படவில்லை, இன்னும் ஏழு வருஷம் வேலை செய்கிறார். நம்மை ஒருவர் ஏய்க்கும்போது, இதே வேலையை நாம் யாருக்குச் செய்தோம் என்று ஒரு நிமிஷம் யோசிப்பதுதான் இங்கே பயிற்சி. ஆனால் இந்தக் கதையைச் சொல்லி யாரையும் “அடங்கிப் போ” என்று அழுத்தாதீர்கள். இதே யாக்கோபு, அந்த வீட்டில் மொத்தம் 20 வருஷம் உழைத்து முடித்தபின், என் சம்பளத்தைப் பத்து முறை மாற்றினீர், பகலில் வெயிலும் இரவில் குளிரும் என்னைத் தின்றது என்று லாபானை நேருக்கு நேர் கேட்கிறார். தாழ்மை என்றால் வாயை மூடிக்கொள்வது இல்லை.

அப்புறம் கணக்குப் பார்ப்பது. ஏசா 400 பேரோடு வருகிறார் என்று கேள்விப்பட்டு நடுங்கி ஜெபிக்கும்போது, கோலும் கையுமாய் இந்த யோர்தானைக் கடந்துபோனேன், இன்று இரண்டு பரிவாரம் இருக்கிறது, இதற்கெல்லாம் நான் பாத்திரன் அல்ல என்கிறார். நீங்களும் எழுதுங்கள்: வந்தபோது கையில் என்ன இருந்தது, இன்று என்ன இருக்கிறது, நடுவில் யார் யார் கொடுத்தது. சம்பளம், வீடு, படிப்பு, எல்லாமே.

கடினமானது ஏசாவிடம் போவதுதான். ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று 550 உருப்படிகள், ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமல்! மந்தைக்கு மந்தை இடைவெளி விட்டு முன்னே அனுப்புகிறார். அதில் பாதி பயம், பாதி தந்திரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மறுநாள், இரவுப் போராட்டத்தில் தொடைச்சந்து சுளுக்கியதால் நொண்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் தானே போய் ஏழு தரம் தரைமட்டும் குனிகிறார். திருடி வாங்கிய ஆசீர்வாதத்தில் இருந்தது, தாயின் பிள்ளைகள் உன்னை வணங்குவார்கள் என்று. இங்கே வணங்குகிறவரே அவர்தான். அந்த வெகுமதியைக் கடைசியில் அவர் எபிரெயத்தில் பெராகா என்கிறார், ஆசீர்வாதத்துக்கும் அதே சொல். எடுத்ததையே திருப்பி நீட்டுவதுபோல.

நான் ஒருமுறை என் அண்ணனுக்கு “ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னிச்சிடு” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. நியாயம்தான், என்ன தப்பு என்று நான் சொல்லவே இல்லையே. மன்னிப்புக் கேட்கப் போகும்போது தப்பின் பேரைச் சொல்லுங்கள், எடுத்ததைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஒருமுறை குனிந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அன்றைக்கே, அண்ணன் வாழ்ந்த சேயீருக்கு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டினார் மனுஷன். பிறகு யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி, தான் வளர்ந்த வீட்டின் அதே பாரபட்சம்.

130 வயதில் பார்வோன் முன் நின்று, என் நாட்கள் கொஞ்சமும் சஞ்சலமுமானவை என்று சொல்கிறார், அங்கே சாதனைப் பட்டியல் எதுவும் இல்லை. கடைசிக் கோடு ஆதியாகமத்துக்கு வெளியே, புதிய ஏற்பாட்டில் எபிரெயர் 11:21-ல்: சாகும்போது கோலின் முனையில் சாய்ந்து தொழுதுகொண்டார். அதைக் கோடிட்டதும் 32-ம் அதிகாரத்துக்குத் திரும்பிப் போய், அவர் யோர்தானைக் கடந்தபோது கையில் என்ன வைத்திருந்தார் என்று இன்னொரு தரம் பாருங்கள்.