ஆங்கிலப் பெயருக்கு அர்த்தம் பார்ப்பது எப்படி?

எட்வர்ட் என்று தேடினால் 'செல்வத்தின் காவலன்' என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். சரிதான். ஆனால் அந்தப் பெயர் எந்த மொழியில் பிறந்தது, யார் வழியாக இன்றுவரை வந்தது என்பதெல்லாம் அந்த வரியில் இருக்காது. எனக்குப் பிடித்ததே அந்தக் கதைதான். அதைத் தேடும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: செல்லப்பெயரா என்று பாருங்கள்

பெக்கி என்ற பெயரை எப்படிப் பிரித்தாலும் அர்த்தம் கிடைக்காது. அது மார்கரெட்டின் செல்லப்பெயர். மார்கரெட் சுருங்கி மெக் ஆனது. மெக், பெக் ஆகி, பெக்கி ஆனது. முதல் எழுத்து மாறி இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் நாம் எதுகை என்போமே, அதேதான். ராபர்ட், ராப் ஆகி பாப் ஆனதும், வில்லியம், வில் ஆகி பில் ஆனதும் இப்படித்தான். மார்கரெட்டின் மூலம் கிரேக்கச் சொல்; பொருள் முத்து. ஆக, பெக்கி என்றால் முத்து!

படி 2: 1066க்கு முன்பா, பின்பா?

அந்த ஆண்டில் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். சில தலைமுறைகளுக்குள் பழைய ஆங்கிலப் பெயர்கள் பெரும்பாலும் வழக்கொழிந்து, வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி என்று வந்தவர்களின் பெயர்களே ஊரெல்லாம் நிறைந்தன. எட்வர்ட் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் பக்தி. புனிதராகப் போற்றப்பட்ட பழைய அரசர் எட்வர்டின் மேல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றிக்கு அளவில்லாத ஈடுபாடு. 1239இல் பிறந்த தன் மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

படி 3: பழைய ஆங்கிலப் பெயரை இரண்டாகப் பிரியுங்கள்

எட்வர்டில் முதல் பாதி செல்வம், நற்பேறு. இரண்டாம் பாதி காவல். ஆல்ஃபிரட்டில் முதல் பாதி எல்ஃப் என்னும் மாயக் குலத்தவர், அடுத்தது அறிவுரை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டு பாதியையும் ஒட்டினால் ஒரு வாக்கியம் வந்தே தீர வேண்டும் என்பதில்லை. 1095இல் இறந்த வூஸ்டர் ஆயர் வுல்ஃப்ஸ்டனின் பெயரைப் பிரித்தால் ஓநாய், கல். கல் ஓநாய் என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். தாய் வுல்ஃப்கிஃபு, தந்தை ஏதெல்ஸ்டன். தாயிடமிருந்து ஒரு பாதி, தந்தையிடமிருந்து ஒரு பாதி. நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல, அவர்கள் பாதிப் பெயரைக் கொடுத்தார்கள். அர்த்தத்தைவிட உறவுதான் அங்கே பெரிது.

படி 4: விவிலியப் பெயர் என்றால் தமிழிலேயே துப்பு இருக்கிறது

ஜானின் மூலம் எபிரேய யோகனான். 'யாவே (கடவுள்) அருள் புரிந்தார்' என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரை அருளப்பர் என்றார்கள். பால் என்பதற்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள்; அவர் சின்னப்பர் ஆனார். ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்த மொழிபெயர்ப்பு, எவ்வளவு அழகு!

ஜேம்ஸும் ஜேக்கப்பும் ஒரே பெயர்தான். லத்தீனில் யாகோபஸ் என்பது யாகோமஸ் என்றும் திரிந்தது. அந்தக் கிளை பிரெஞ்சு வழியாக வந்து ஜேம்ஸ் ஆனது. தமிழ் விவிலியத்தில் இருவருமே யாக்கோபு.

படி 5: ஊர்ப்பெயரா என்று பாருங்கள்

'லி' என்று முடிந்தால் சந்தேகப்படுங்கள். காட்டுக்குள் மரம் வெட்டித் திருத்திய வெளிக்குப் பழைய ஆங்கிலத்தில் அப்படியொரு சொல் உண்டு. ஆஷ்லி, ஆஷ் மரங்கள் நின்ற வெளி. ஷெர்லி, வெளிச்சமான வெளி. முதலில் ஊர், அப்புறம் குடும்பப்பெயர், அதன் பிறகுதான் ஆள்பெயர். ஷெர்லி ஒரு காலத்தில் ஆண்பெயர். 1849இல் சார்லட் பிராண்டி அந்தப் பெயரில் எழுதிய நாவலில், மகன் பிறப்பான் என்று பெற்றோர் எடுத்துவைத்திருந்த பெயர் மகளுக்குப் போகிறது. அதற்குப் பிறகு அது பெண்பெயராகவே பரவியது.

பயிற்சிக்கு எட்கரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டாம் பாதி ஈட்டி.