கழுவிக்கொண்டு வந்த கால்கள்: தொண்டில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு பெரிய வியாழன் மாலை, பக்கத்து ஊர்க் கத்தோலிக்க நண்பர் என்னைப் பூசைக்கு அழைத்துப் போனார். சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். பன்னிரண்டில் நண்பரும் ஒருவர். வெளியே வந்ததும் சொன்னார்: "காலையிலயே கல்லுல போட்டு ரெண்டு தடவை தேய்ச்சுட்டுத்தான் வந்தேன். சாமியார் கையில அழுக்கு படக்கூடாதுல்லா?"

சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு நின்றது. யோவான் 13-ல் இயேசு கழுவியது தெருப்புழுதி ஒட்டிய கால்களை. அடிமைகள் பார்க்கிற வேலை அது. நாமோ முதலில் காலைக் கழுவச் சொல்லிவிட்டு, பிறகு கழுவ வருகிறோம். நமக்கு வசதியான ஆள், வசதியான நேரம், வசதியான உதவி. நோயாளிகளையும் ஏழைகளையும் போய்ப் பார்த்து உதவுகிற எங்கள் சபையின் சந்திப்புக் குழுவில் இருபது வருடமாக இருக்கிறேன். நானும் குழுவினரும் செய்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கோளாறிலிருந்து வந்தவைதான்.

மைக் பிடித்தால்தான் ஊழியமா?

"தம்பி ஊழியம் செய்யுதா?" என்று யாராவது கேட்டால், பிரசங்கம் பண்ணுகிறாரா என்றுதான் பொருள். ஆலயத்தின் பின்பக்கம் அண்டா கழுவுகிறவரை யாரும் ஊழியர் என்று சொல்வதில்லை. ஆனால் பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாமல் வாங்கப்பட்ட கட்டாய வேலை. பாதை போடுவது, சுமை தூக்குவது எல்லாம் அதில் அடக்கம். அப்படிப்பட்ட சொல்லைத்தான் மாற்கு 10:45-ல் மனுஷகுமாரனாகிய இயேசுவுக்கே வைத்திருக்கிறார்கள்: "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்". அதை மேடைக்கு ஏற்றி நாற்காலி போட்டது நாம்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். எருசலேம் சபையில் விதவைகளுக்குத் தினமும் சாப்பாடு போகிறது. கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் விடுபடுகிறார்கள் என்று முறுமுறுப்பு கிளம்புகிறது. உடனே 'பந்திவிசாரணைக்கு' ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சோறு பரிமாறத்தானே என்று கிடைத்தவரைப் பிடித்துப் போடவில்லை. பரிசுத்த ஆவியும் ஞானமும் நற்சாட்சியும் உள்ளவர்கள் வேண்டும் என்றார்கள்.

ஏழு பெயர்களையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எபிரெயப் பெயர் ஒன்றுகூட இல்லை. புகார் சொன்ன பக்கத்து ஆட்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நம் சபைகளில் இது நடக்குமா? அசனப் பண்டிகை (சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்து) குழுவில் எந்தத் தெருக்காரர்கள் இருக்கிறார்கள், இலை எடுப்பவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், வருடாவருடம் அதே ஆட்கள்தானா என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்தால் போதும். இதைக் கமிட்டியில் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில், "ஏன் இப்ப தேவையில்லாததை எல்லாம் இழுக்கீங்க?"

கேட்காமல் கொடுப்பது

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு அந்தத் துணிக்குவியல்கள் மறந்திருக்காது. நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. கடலில் இறங்கி உழைத்துத் தன் காசில் உடுத்திய சனம். முந்தின நாள்வரை யாரிடமும் கை நீட்டாதவர்கள். அடுத்தவர் உடுத்திக் கழித்ததை எப்படி உடுத்துவார்கள்? சாலையோரம் மலைபோலக் கிடந்த துணியை அப்புறப்படுத்துவதே தனி வேலையாயிற்று. அனுப்பியவர்கள் கெட்டவர்களில்லை. என்ன வேண்டும் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பர்திமேயு குருடன் என்பது எரிகோ சாலையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு என்ன வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். ஆனாலும் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்கிறார். அவன் தன் வாயால் சொல்ல இடம் கொடுக்கிறார். இந்த வசனத்தை வைத்து நான் மூன்று முறை பேசியிருக்கிறேன். கேட்கக் கற்றுக்கொண்டது அதற்கெல்லாம் பிறகு.

எங்கள் சபையில் மாதாமாதம் பன்னிரண்டு விதவைகளுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்துவந்தோம். அதில் ஒரு பாட்டியம்மா வீட்டுக்கு நான்கு வருடம் நானே பை கொண்டுபோயிருக்கிறேன். ஒரு நாள் உள்ளே தண்ணீர் குடிக்கப் போனபோது, மூலையில் எங்கள் பைகள் மூன்று கட்டுப் பிரிக்காமல் இருந்தன. தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் அரிசி இலவசம் என்பது எனக்குத் தெரியாததா? அவருக்குத் தேவைப்பட்டது மாதம் ஒரு தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிவர ஆட்டோக் காசு. அதை அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்டால்தானே சொல்வார்?

நல்ல நோக்கத்தோடு திறமையும் சேர்ந்திருந்தால்கூட இந்த இடத்தில் சறுக்கும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். பெரிய சாதனை. ஆனால் கை நேரானவர்களில் சிலர் சோர்ந்து திரும்பி வந்தார்கள். வேலை தர யாருமில்லை. கோணல் கையைப் பார்த்து விழுந்த பிச்சையும் நேரான கைக்கு விழவில்லை. அதன்பிறகுதான் அவர்களுக்குத் தச்சு முதலான தொழில் பழக்க 'நவஜீவ நிலையம்' உருவானது. அந்த மனிதர் தன் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டு நிற்காமல், திரும்பி வந்தவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான்.

கை கொடுக்கும்போது கேமரா

வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்றார் ஆண்டவர். இப்போது இடதுகையில்தான் செல்போன் இருக்கிறது. நோட்டுப் புத்தகம் வாங்கும் பிள்ளையை 'இங்க பாரு, சிரி' என்று நிறுத்தி வைத்து, பேனர் தெரிகிற மாதிரி படம். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். பில் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. பிள்ளையின் முகம் எதற்கு? அதிலும் காப்பகப் பிள்ளைகள் என்றால் சட்டமே குறுக்கே நிற்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளிப்படுத்துவது குற்றம். ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். அங்கிருந்து அது எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியாது.

வேதாகமத்தில் வயல்காரன் போவாஸ் உதவியை எவ்வளவு நாசூக்காகச் செய்தான்! வயலில் கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்தை அன்று கூப்பிட்டு ஒரு மூட்டை வாற்கோதுமையைத் தலையில் வைத்து அனுப்பவில்லை. அவள் பொறுக்கும்படி அரிக்கட்டுகளிலிருந்து கொஞ்சம் வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று வேலைக்காரருக்குச் சொன்னான். அவள் தான் உழைத்துச் சேர்த்ததாகவே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

உதவிக்கு ஒரு தூண்டில்

உதவியை வாங்குகிறவர் ஆராதனைக்கு வர வேண்டும், கைப்பிரதி வாங்க வேண்டும், சாட்சி சொல்ல வேண்டும் என்று எழுதாத நிபந்தனை வைப்பது உண்டு. பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசு கேட்டார்தான். ஆனால் ஒன்பது பேரின் சுகத்தைத் திரும்பப் பிடுங்கவில்லை. விசுவாசத்தைப் பற்றி ஒருவர் கேட்டால் தாராளமாகச் சொல்லலாம். அவர் கையில் நம் அரிசிப்பை இருக்கும் நேரம் அதற்கு ஏற்றதல்ல. வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அப்போது அவருக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில்

என்னுடைய மோசமான தவறுகள் நோயாளி கட்டிலருகே நடந்தவை. புற்றுநோய் சிகிச்சையில் இருந்த ஒருவரிடம், இதே நோயில் போராடிய என் சித்தப்பாவின் கதையை ஆரம்பித்துவிட்டேன். சித்தப்பா இறந்துபோனார் என்பது கதையின் பாதியில்தான் ஞாபகம் வந்தது. அந்த நோயாளியின் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. 'ஏதோ பாவம் இருக்கும், ஆராய்ந்து பாருங்க' என்று இன்றும் கட்டிலருகே நின்று சொல்கிறவர்கள் உண்டு. யோவான் 9-ல் ஒரு பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் அதே கேள்வியைக் கேட்டபோது, 'இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல' என்று கிடைத்த பதிலை அவர்கள் வாசித்ததில்லை போலும்.

சில்லறை விஷயங்களும் இருக்கின்றன. சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டாம். பொது வார்டில் உரக்க ஜெபிக்க வேண்டாம்; 'ஜெபிக்கலாமா?' என்று மெதுவாகக் கேளுங்கள். பத்து நிமிடம் போதும். நோயாளியைவிட, மூன்று நாளாகக் குளிக்காமல் கூட இருக்கும் மகளுக்குத்தான் உதவி தேவைப்படும். 'நான் இருக்கேன், நீ வீட்டுக்குப் போய்ட்டு வாம்மா' என்பது நீண்ட ஜெபத்தைவிட அவளுக்கு உபயோகம். ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு அனுப்புவதை யாக்கோபு ஏற்கெனவே கண்டித்துவிட்டார்.

தெரியாத வேலையில் இறங்குவது

1890-களின் தொடக்கம், திண்டிவனம். ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிகளுக்கு உதவி கேட்டு மிஷன் பங்களா வாசலுக்கு வந்தார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். அங்கிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடருக்கு மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்கா திரும்பி, கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் வந்து வேலூரில் சிறிய அளவில் வைத்தியத்தைத் தொடங்கினார். அன்புக்குள் இத்தனை வருடப் படிப்பும் அடங்கும்.

நாமோ ஒரு வாரக் கூட்டத்தில் ஆலோசகர் ஆகிவிடுகிறோம். புருஷனிடம் அடி வாங்கி வந்த பெண்ணிடம், 'பொறுமையா இரும்மா, கர்த்தர் அவரை மாத்துவார்' என்று சொல்லித் திருப்பி அனுப்பியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இது தவறு என்பதைவிட ஆபத்து என்பதே சரி. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்களைச் சந்திப்புக் குழுவில் எல்லாரும் வைத்திருங்கள். மனச்சோர்வில், சாகணும்போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கூடவே இருந்து மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். உபவாச ஜெபம் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

பண விஷயம் சுருக்கமாக: எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒருவர் மட்டும் காணிக்கையை எண்ண வேண்டாம். பவுல் தர்மப்பணத்தைத் தனியே சுமக்காமல் சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

எல்லாவற்றையும் நானே

குழுவிலேயே அதிகம் ஓடியவர், ஒரு கட்டத்தில் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். போய்ப் பார்த்தோம். "என் வீட்டுக்காரிக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்னைக்கு நான் வேற யாரையோ பார்க்க ஆஸ்பத்திரியில இருந்தேன்" என்றார். அவரை ஓட விட்டுக் கைதட்டியவர்கள் நாங்கள். ஜனங்களின் வழக்கையெல்லாம் தனியாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மோசேயிடம் மாமனார் எத்திரோ, இப்படியே போனால் நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். எங்களில் யாரும் அதைச் செய்யவில்லை.

நல்ல சமாரியன் உவமையில் எல்லாரும் தாண்டிப்போகிற ஒரு வரி இருக்கிறது. அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து, அன்றிரவு பார்த்துக்கொண்டான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மிச்சத்தைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான். தன் பிரயாணத்தை ரத்து செய்யவில்லை. வேலையைப் பங்கு பிரித்தான்.

வாங்கத் தெரியாதவர்கள்

"நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொன்னதைப் பணிவு என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கொடுத்தே பழகியவர்களுக்கு வாங்குவது அவமானமாக இருக்கும். அவமானமாக இருப்பதால்தான், வாங்குகிறவருக்கு எப்படி இருக்கும் என்பதும் நமக்குப் புரிவதில்லை.

போன ஐப்பசி மழையில் ஆலயப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு. குழுவில் யார் கேட்டாலும், 'ஒண்ணும் வேண்டாம், சமாளிச்சுக்கிடுவேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அந்த அரிசிப்பைப் பாட்டியம்மா தூக்குவாளியோடு வாசலில் நின்றார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். எதுக்கு உங்களுக்குச் சிரமம் என்று நான் தொடங்குவதற்குள் அடுக்களைக்குள் போய் டம்ளரைத் தேடி எடுத்துவிட்டார். கஞ்சியை ஊற்றப்போனவர் நிறுத்தி, திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"உப்பு போடாமத்தான் கொண்டாந்தேன் தம்பி. உங்களுக்குப் பிரஷர் கிஷர் இருக்கா? போடவா, வேண்டாமா?"