வீட்டு சர்வரில் காப்பி வேகம் விழுந்தால் செய்யக் கூடாதவை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் பெட்டகத்தில் இருந்தவை மெல்ல ஹார்டு டிஸ்க்குக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. கல்யாண வீடியோக்கள், ஸ்கேன் செய்த ஆல்பங்கள், பர்மாவிலும் மலாயாவிலும் எழுதிய பழைய பேரேடுகளின் நகல் என்று எல்லாம் சேர்ந்தால் சில டெராபைட் வந்துவிடும். இதற்காகப் பலர் அமைத்துக்கொள்வது ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ், அதற்குள் விர்ச்சுவல் மெஷினாக (விஎம்), ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் ட்ரூநாஸ். ஒழுங்காக அமைத்தால் நன்றாகவே ஓடும். ஒருநாள் காப்பி வேகம் விழும். உடனே ட்ரூநாஸ் செட்டிங்கில் கை வைப்பார்கள். நான் பார்த்த தவறுகளில் பெரியது இதுதான்.

லேப்டாப்பிலிருந்து கிளம்பும் ஒரு ஃபைல், ஒயர், சுவிட்ச், ப்ராக்ஸ்மாக்ஸ், விஎம், டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் இசட்எஃப்எஸ் என்று ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் டிஸ்க்கைத் தொடுகிறது. எந்த இடத்தில் அடைப்பு என்று பார்க்காமல் நாலு செட்டிங்கை ஒரே நேரத்தில் மாற்றினால், வேகம் கூடினாலும் எதனால் கூடியது என்று தெரியாது. இன்னும் குறைந்தால் திரும்பிப் போகவும் வழி தெரியாது.

எண்ணே பாதி பதிலைச் சொல்லிவிடும். காப்பி வினாடிக்கு 11 எம்பியில் ஆடாமல் அசையாமல் நின்றால் அது 100 மெகாபிட் இணைப்பு. டிஸ்க்கைத் திட்ட வேண்டாம். 110 எம்பி வந்தால் கிகாபிட் ஒயர் தரக்கூடியதை முழுதாகத் தந்துவிட்டது, அதற்கு மேல் எந்த செட்டிங்கும் கூட்டாது. மெகாபிட்டை எட்டால் வகுத்தால்தான் எம்பி. இதை மறந்துவிட்டு "1000 வர வேண்டியது 110 தான் வருது" என்று சண்டைக்கு நிற்பவர்கள் உண்டு. 110-இல் தொடங்கிச் சில ஜிபி போன பிறகு சரிந்தால், ராம் வாங்கிக்கொண்ட வேகத்துக்கு டிஸ்க்கால் எழுத முடியவில்லை என்று பொருள். ஏறி, பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடி ஏறினால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம்.

ஒயரை நம்பிவிடுவது

இந்தத் தவறு நம் ஊர் வீட்டு அமைப்போடு சேர்ந்தே வருகிறது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ரவுட்டர் முகப்பில், சர்வர் இரண்டாங்கட்டில். நடுவில் கனமான செங்கல் சுவர்கள். வைஃபையில் உட்கார்ந்துகொண்டு சர்வரின் வேகத்தை அளப்பது வீண் வேலை. அளக்கும்போது ஒயரில் இணைத்துத்தான் அளக்க வேண்டும்.

அந்த ஒயரும் சரியாக இருக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சில் துளை போட யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. அதனால் எப்போதோ கேமராவுக்கு இழுத்த ஒயரையே இதற்கும் பயன்படுத்துகிறார்கள். முனையில் இருக்கும் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு இடங்களில் 1, 2-இல் ஆரஞ்சு ஜோடி, 3, 6-இல் பச்சை ஜோடி இருக்கும். நீலமும் பழுப்பும் ஒட்ட நறுக்கப்பட்டிருக்கும், அல்லது இன்னொரு கனெக்டருக்குப் பிரிந்து போயிருக்கும். "நாலு கம்பி போதும்ணே, நெட்டு வரும்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னதில் பொய்யில்லை, நெட் வரும். ஆனால் கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நாலு இருந்தால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. ப்ராக்ஸ்மாக்ஸில் ஈத்தூல் கட்டளை கொடுத்து வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. ஒயரின் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் பெரிய வீடுகளில் கவனிக்க வேண்டியதுதான்.

அடுத்து ஐபெர்ஃப்3. இது டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். லேப்டாப்பிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸுக்கு ஒரு முறை, லேப்டாப்பிலிருந்து விஎம்முக்கு ஒரு முறை ஓட்டுங்கள். இரண்டும் 940 மெகாபிட் பக்கத்தில் வந்தால் நெட்வொர்க் மேல் குற்றமில்லை. முதலாவது சரியாக இருந்து இரண்டாவது மட்டும் குறைந்தால் விஎம்முக்குக் கொடுத்த நெட்வொர்க் கார்டு மாடலைப் பாருங்கள். இ1000 இருந்தால், விஎம்முக்கென்றே செய்த விர்ட்ஐஓ ஆக மாற்றுங்கள். முன்னது ஒரு நிஜக் கார்டைப் போல நடிப்பதிலேயே சிபியுவைத் தின்றுவிடும்.

பொய் சொல்லும் சோதனைகள்

டிடி கட்டளையில் வெறும் பூஜ்யங்களை எழுதிப் பார்த்து "என் டிஸ்க் வினாடிக்கு 2 ஜிபி எழுதுது" என்று மகிழ வேண்டாம். இசட்எஃப்எஸ் அந்தப் பூஜ்யங்களை ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருக்கிவிடும், டிஸ்க்குக்கு வேலையே இருக்காது. ஒரே ஃபைலை இரண்டாம் முறை படித்தால் வேகமாக வருவதும் ராமிலிருந்து வருவதே. விஎம்மின் ராமைவிடப் பெரிய கல்யாண வீடியோவே நல்ல சோதனைப் பொருள். வீடியோ ஏற்கனவே சுருக்கப்பட்டது, அதனால் ஏமாற்றாது. அந்த வீடியோ போட்டோகிராபர் தந்த பென் டிரைவிலேயே இருந்தால் முதலில் லேப்டாப்பின் எஸ்எஸ்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யூஎஸ்பி 2.0 பென் டிரைவ் வினாடிக்கு 40 எம்பியைத் தாண்டாது, பழி மட்டும் சர்வர் மேல் விழும்.

பல்லாயிரம் சின்ன ஸ்கேன் படங்களைக் காப்பி செய்யும்போது வேகம் குறைவது இயல்பு. ஒவ்வொன்றையும் திறந்து மூடும் நேரம் அது. கோளாறு இல்லை.

விஎம்முக்கு டிஸ்க்கைக் கொடுக்கும் விதம்

அடிக்கடி நடக்கும் தவறு இது: ப்ராக்ஸ்மாக்ஸ் இசட்எஃப்எஸ்ஸில் ஓடும். அதன் மேல் ஒரு க்யூகவ்2 ஃபைலை டிஸ்க்காக்கி விஎம்முக்குக் கொடுத்து, ட்ரூநாஸ் அதன் மேல் இன்னொரு இசட்எஃப்எஸ் கட்டும். ஒவ்வோர் அடுக்கும் பழைய இடத்தை விட்டுப் புதிய இடத்தில் எழுதும் வழக்கமுடையது, ஒரு சின்ன எழுத்து பல எழுத்தாகப் பெருகிவிடும். நல்ல வழி, டிஸ்க்குகள் மாட்டிய எச்பிஏ கார்டை (டிஸ்க்குகளை மதர்போர்டோடு இணைக்கும் கார்டு) அப்படியே விஎம்முக்குக் கொடுப்பது. கார்டை இப்படிக் கொடுக்க பயாஸில் விடி-டி அல்லது ஐஓஎம்எம்யு இயங்க வேண்டும், எல்எஸ்ஐ கார்டாக இருந்தால் டிஸ்க்குகளை அப்படியே காட்டும் ஐடி மோடில் இருக்க வேண்டும். மதர்போர்டு இதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால் ட்ரூநாஸை விட்டுவிட்டு, இசட்எஃப்எஸ்ஸை ப்ராக்ஸ்மாக்ஸிலேயே வைத்து, ஒரு சின்ன கன்டெய்னரில் (விஎம்மைவிட இலகுவான தனி அறை) விண்டோஸுக்கு ஃபைல் பகிரும் சாம்பா ஓட்டுங்கள். வீட்டுக்கு இதுவே தாராளம் என்பது என் கருத்து. மற்ற விஎம்களுக்கு விர்ச்சுவல் டிஸ்க்தான் என்றால் ஐடிஇ, சாட்டா வேண்டாம். விர்ட்ஐஓ ஸ்கசியைத் தேர்ந்தெடுங்கள்.

கார்டைக் கொடுத்துவிட்டால் விஎம்மின் ராம் முழுதும் பூட்டப்படும், தேவைக்கேற்ப ராமைக் கூட்டிக் குறைக்கும் பலூனிங் வேலை செய்யாது. 16 ஜிபி மெஷினில் ட்ரூநாஸுக்கு 12 கொடுத்துவிட்டு இன்னும் இரண்டு விஎம் ஓட்டினால் ராம் போதாமல் டிஸ்க்கை ராமாகப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் எல்லாம் தவழும். டேட்டாவை என்கிரிப்ட் செய்திருந்தால் சிபியு வகையையும் பாருங்கள். பழைய கேவிஎம்64 வகையில், என்கிரிப்ஷனை வேகப்படுத்தும் ஏஇஎஸ் வசதி விஎம்முக்குத் தெரியாது, ஹோஸ்ட் என்று வைத்தால் தெரியும்.

சிங்க்கை அணைப்பது

வேகம் கூட்ட சிங்க்கை (டேட்டா டிஸ்க்கில் நிஜமாக எழுதப்பட்ட பிறகே எழுதிவிட்டதாகச் சொல்லும் செட்டிங்) அணைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். விண்டோஸிலிருந்து சாம்பா வழியாகப் படம் ஏற்றுபவர்களுக்குப் பெரும்பாலும் இதனால் ஒரு பயனும் இல்லை. லினக்ஸ் பக்கத்து ஃபைல் பகிர்வான என்எஃப்எஸ்ஸில் விஎம் டிஸ்க்குகளை வைத்திருப்பவர்களுக்கு வேகம் கூடும். ஆனால் மின்சாரம் போகும் நொடியில், எழுதிவிட்டதாகச் சொல்லப்பட்ட கடைசிச் சில வினாடி டேட்டா காணாமல் போகும், அந்த விஎம் எழுந்திருக்காமலும் போகலாம். கோடை மழைக்கு முன் காற்றடித்தாலே கரண்ட் போகிற ஊரில் இது விலை அதிகமான வேகம். வீட்டு இன்வெர்ட்டரில் சர்வர் இருந்தால் அது யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டிஸ்க்கே காரணம் என்றால்

விலை குறைவாக இருக்கிறதே என்று எஸ்எம்ஆர் டிஸ்க் வாங்குவது நீண்ட நாள் தொல்லை. தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறும்படி எழுதுவதால், மாற்றி எழுதும்போது பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டிவரும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், தன் ரெட் வரிசையின் சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்று ஒப்புக்கொண்டது. பிறகு தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று பிரித்தது. வாங்கும் முன் மாடல் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். டிஸ்க்குகள் சேர்ந்த பூல் 80 சதவீதத்துக்கு மேல் நிறைந்தாலும் வேகம் இறங்கும்.

குழுவில் ஒரு டிஸ்க் நோய்ப்பட்டால் மற்றவையும் அதற்காகக் காத்திருக்கும். ஒவ்வொரு டிஸ்க்கின் வேலையையும் காட்டும் ஐஓஸ்டாட்டில் ஒரே டிஸ்க்கின் காத்திருப்பு நேரம் மட்டும் உயர்ந்திருந்தால், டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தை எடுங்கள். அதில் 199 என்ற எண்ணுள்ள வரியின் மதிப்பு ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான், மாற்றினால் நின்றுவிடும். 197-ஆம் வரி ஏறினால் டிஸ்க்கின் பரப்பில் படிக்க முடியாத இடங்கள் தோன்றுகின்றன. அந்த நிலையில் வேகச் சோதனை ஓட்டக் கூடாது. வேறெங்கும் நகல் இல்லாதவற்றை முதலில் வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, பிறகு அந்த டிஸ்க்கை மாற்றுங்கள்.