மஞ்சள் தலைப்பாகையினரைப் பற்றி எழுதப் போகிறீர்களா?

எங்கள் வாசகர் வட்டத்தில் வரலாற்றுக் கட்டுரை எழுதப் பழகுகிறவர்களின் படிகளைத் திருத்துவது என் பொறுப்பு. போன மாதம் வந்தவற்றில் மூன்று, கி.பி. 184-ல் சீனாவின் ஹான் பேரரசை எதிர்த்து எழுந்த மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சியைப் பற்றியவை. மூன்றிலும் நான் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள். ஆண்டைத் தப்பாகப் போடுவது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அதை யாரும் திருத்திவிடலாம்.

"கிளர்ச்சி ஹான் வம்சத்தைக் கவிழ்த்தது"

கவிழ்க்கவில்லை. நான் இதை ஒரு கூட்டத்தில் அடித்துப் பேசிவிட்டு இறங்கினேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "தம்பி, தலைவர் ஜாங் ஜுவே 184-லேயே செத்துட்டார். ஹான் கடைசிப் பேரரசர் அரியணையை விட்டது 220-ல. நடுவுல முப்பத்தாறு வருஷம் யாரு கவிழ்த்துக்கிட்டு இருந்தாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதற்குள் பேச்சு அச்சாகியும் விட்டது. இன்றும் யாராவது அதை எடுத்துக் காட்டும்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மூல எழுச்சி ஓராண்டுகூட நிற்கவில்லை. ஜாங் ஜுவே நோயில் இறந்தார். தளபதி ஹுவாங்ஃபு சொங், குவாங்சொங்கில் அவருடைய தம்பி ஜாங் லியாங்கை வென்றார். ஜாங் ஜுவேயின் சவப்பெட்டியை உடைத்து, தலையைத் தலைநகர் லுவோயாங்குக்கு அனுப்பினார். இன்னொரு தம்பி ஜாங் பாவ் அடுத்த மாதமே முடிந்தார்.

மிச்சக் கூட்டங்கள் மட்டும் அங்கங்கே தலைதூக்கிக்கொண்டே இருந்தன. 188-ல் அரசவை, சில மாகாணங்களில் படையையும் நிர்வாகத்தையும் ஒரே ஆளுநர் கையில் கொடுத்தது. அடுத்த ஆண்டு பேரரசர் லிங் இறந்தார். அரண்மனை அண்ணகர்கள் (ஆண்மை நீக்கப்பட்ட பணியாளர்கள்) சேனாதிபதி ஹே ஜின்னைக் கொன்றார்கள், அவருடைய ஆட்கள் அண்ணகர்களை வெட்டிச் சாய்த்தார்கள். அந்தக் குழப்பத்தில் படையோடு நுழைந்து பேரரசரையே மாற்றியவர் டொங் ஜுவோ. இவர் 184-ல் ஜாங் ஜுவேயை அடக்க அனுப்பப்பட்டுத் தோற்றவர்.

கலகத்தை அடக்கத் திரட்டிய படைகளே வம்சத்தைத் தின்றன. 192-ல் ச்சிங் மாகாணத்து மஞ்சள் தலைப்பாகையினர் படைத்தலைவர் சாவ் சாவிடம் சரணடைந்தபோது, அவர்களில் தேர்ந்தவர்களை வைத்து அவர் ஒரு படையே அமைத்தார். 220-ல் அரியணையை வாங்கிக்கொண்டது அவர் மகன் சாவ் பி. கிளர்ச்சியையும் வம்ச முடிவையும் முடிச்சுப் போட்டே தீர வேண்டுமென்றால் இங்கே போடுங்கள்.

எல்லாம் பஞ்சத்தால்தான் என்பது

பசி இருந்தது. ஆனால் பசித்தவர்கள் தாமாக ஒரே சமயத்தில் எட்டு மாகாணங்களில் எழமாட்டார்கள். கொள்ளைநோய் திரும்பத் திரும்பத் தாக்கிய காலத்தில், செய்த பாவத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி, மந்திரித்த நீர் கொடுத்துக் குணப்படுத்தியவர் ஜாங் ஜுவே. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆள் சேர்த்து, 36 பிரிவுகளாக அமைத்தார். நமக்குப் பிரபவ வருடம் போல, அங்குள்ள அறுபது ஆண்டுச் சுற்றின் முதல் ஆண்டு 'ஜியாஸி'. அதுதான் 184. அந்தச் சொல்லை அரசு அலுவலகக் கதவுகளில் வெள்ளை மண்ணால் எழுதி வைத்தார்கள். உள்ளிருந்த ஒருவர் காட்டிக்கொடுத்ததால் குறித்த நாளுக்கு முன்பே கிளம்ப நேர்ந்தது. அந்த ஏற்பாட்டைச் சொல்லாமல் பசியை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

ஜாங் ஜியாவ்

வேறு ஆள் இல்லை, ஜாங் ஜுவேதான். ஒரே சீன எழுத்து, இரண்டு உச்சரிப்பு.

ஜாங் லூ

ஹான்ஜொங் என்ற பகுதியில் இருந்த வேறு மதத் தலைவர். ஜாங் ஜுவேயின் தம்பியும் இல்லை.

சிவப்புத் தலைப்பாகை

அது 1351-ல் யுவான் வம்சத்தை எதிர்த்து எழுந்த வேறு கிளர்ச்சி.

பீச் தோட்டத்துச் சபதம்

லியூ பெய், குவான் யூ, ஜாங் ஃபேய் என்ற வீரர்கள் மூவரும் கிளர்ச்சியை அடக்கக் கிளம்பும்முன் சகோதரச் சபதம் எடுக்கும் காட்சி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்த 'மூன்று அரசுகளின் கதை' என்ற நாவலில் உள்ளது. ஒருவர் அதையே முதல் பத்தியாக வைத்து, தேதி வேறு போட்டிருந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன்.