ஒரே ஆல்பம், இரண்டு தட்டு: எது நன்றாகப் பாடுகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

மூன்று மாதம் ஒரு நல்ல எல்.பி. இசைத்தட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழுவின் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்', கல்கத்தா தம்தம் ஆலையில் தயாரான பழைய இந்தியப் பிரஸ்ஸிங், அதாவது இந்தியாவில் அச்சழுத்திய பதிப்பு. பெங்களூரு அவென்யூ ரோட்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய ஃபேன் ரெகுலேட்டர்களுக்கு நடுவில் கிடந்தது. கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்து போட்டால் பாட்டு மந்தமாக இருந்தது. போதாததற்குச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம். ஏற்கெனவே என்னிடம் இருந்த 2016 மறுபதிப்போ பளிச்சென்று பாடியது. "இந்தியப் பிரஸ்ஸிங்னாலே இப்படித்தான்" என்று தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லி முடித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. மந்தத்துக்குக் காரணம் நான் சத்தத்தைச் சமப்படுத்திய விதம். பொரிச்சலில் பாதிக்குக் காரணம் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர்.

நீங்களும் அப்படி ஏமாற வேண்டாம் என்பதற்காக இது. டர்ன்டேபிளை இணைப்பது, ஊசிக்கு எடை வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். சூட்கேஸ் மாதிரி மடக்கி எடுத்துப்போகிற பிளேயர் வைத்திருப்பவர்கள் மன்னிக்கவும். அதன் ஊசி தட்டின் மேல் மிக அதிக எடையோடு உட்காரும். அதில் இரண்டு பிரஸ்ஸிங்கை ஒப்பிடுவது, ஓட்டை உழக்கால் நெல் அளப்பது போலத்தான். நான் பயன்படுத்துவது ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சின்னப் பெட்டி), 2 கிராம் எடையில். இதற்கு மேல் செலவழிப்பதை விடத் தட்டு வாங்கலாம் என்பது என் கட்சி.

படி 1: உங்கள் கையில் இருப்பது எது?

ஒரே பாட்டு ஏன் தட்டுக்குத் தட்டு மாறுகிறது? எங்கள் ஊர்க்காரர்களுக்கு மாங்கூழை வைத்துச் சொன்னால் புரியும். தோப்பு ஒன்றுதான், பெங்களூரா மாம்பழமும் ஒன்றுதான், ஆனால் ஃபேக்டரிக்கு ஃபேக்டரி டின்னில் ருசி மாறும். ஸ்டுடியோ டேப்பிலிருந்து முதலில் லாக்கர் என்ற மென்மையான தட்டில் பள்ளம் வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக மாஸ்டர், அதிலிருந்து மதர், அதிலிருந்து ஸ்டாம்பர். ஸ்டாம்பரை வைத்து அழுத்தினால் நம் கைக்கு வரும் ரெக்கார்டு. லாக்கரை வெட்டும் இன்ஜினியர் எவ்வளவு பாஸ் விட்டார், எவ்வளவு சத்தமாக வெட்டினார் என்பதில்தான் பெரிய வித்தியாசமே பிறக்கிறது.

இதற்குப் பேர்போன உதாரணம் லெட் செப்பலின் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம், 1969. அமெரிக்க முதல் பிரஸ்ஸிங்கை ராபர்ட் லட்விக் துணிச்சலாக, சத்தமாக வெட்டினார். மலிவான பிளேயர்களில் ஊசி எகிறிக் குதித்தது. அப்புறம் அடக்கி வாசிக்கிற மாதிரி வேறொரு கட்டிங் போட்டார்கள். டேப் அதேதான், ஆனால் கேட்டால் வேறு ஆல்பம் மாதிரி இருக்கும். 'ஆர்எல்' என்ற இரண்டு எழுத்து பொறித்த அந்தத் தட்டுக்கு இன்று தனி விலை.

அந்த எழுத்துகள் எங்கே இருக்கும்? கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில், பள்ளமில்லாத பளபளப்பான வளையத்தில். இதை ரன்அவுட் என்பார்கள். டியூப்லைட்டில் தெரியாது. மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துத் தட்டை மெல்லத் திருப்புங்கள். எண்ணும் எழுத்தும் நிழலோடு எழும்பி வரும். இ.எம்.ஐ. என்ற கம்பெனியின் பழைய பிரிட்டிஷ் தட்டுகளில் ஒரு சங்கேதமும் உண்டு. அதே வளையத்தில் லேபிளின் வலப்பக்கம், கடிகாரத்தில் 3 மணி இருக்கும் இடத்தில் உள்ள எழுத்து ஸ்டாம்பரின் எண். ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8, டி (T) 9. ஆங்கிலத்தில் 'கிராமபோன் லிமிடெட்' என்பதன் சுருக்கத்தை எழுத்து எழுத்தாக எண்ணாக்கியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி என்னிடம் இருந்த இ.எம்.ஐ. தட்டுகளை எல்லாம் இறக்கிப் போட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

கண்ட எண்ணை அப்படியே, ரெக்கார்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் தேடினால் பெரும்பாலும் எந்த நாட்டுத் தட்டு, எந்தக் கட்டிங் என்று வந்துவிடும். உறையை நம்பாதீர்கள், உறைக்குள் வேறு தட்டு இருப்பது சந்தையில் சகஜம். 'ரீமாஸ்டர்' (ஒலியைப் புதிதாகச் சீர்செய்தது) என்ற ஸ்டிக்கரைப் பார்த்தும் முடிவுக்கு வராதீர்கள். பீட்டில்ஸ் ஸ்டீரியோ எல்.பி.கள் 2012-ல் வந்தபோது டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டினார்கள். 2014-ல் வந்த மோனோ எல்.பி.களை டேப்பிலிருந்தே நேராக வெட்டினார்கள். அலமாரியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி புதுத் தட்டுகள்.

படி 2: கழுவுங்கள், ஆனால் நம் ஊர்த் தண்ணீரில் வேண்டாம்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீர் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இங்கே தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடால்தான். குடத்தின் கழுத்தில் படிகிற வெள்ளை உப்பு எல்.பி. பள்ளத்திலும் படியும். நான் தம்தம் தட்டை போர்வெல் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, ஃபேன் காற்றில் காயவைத்து, பெருமையாக ஓட்டினேன். முன்பை விட அதிகமாகப் பொரிந்தது. ஊசியைக் கழற்றிப் பார்த்தால் நுனியில் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது.

பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். மெல்லிய முடியுள்ள பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி எடுங்கள். லேபிள் நனையக் கூடாது. தாத்தா காலத்து 78 ஆர்.பி.எம். அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் கூடவே கூடாது, கரைந்துவிடும்.

படி 3: டர்ன்டேபிளுக்கு அடியில்

சேலம் ரோட்டில் லோடு லாரி போனால் எங்கள் வீட்டு ஜன்னல் பேசும். கிரானைட் பட்டறையில் கழிவாகக் கிடந்த ஒரு துண்டை வாங்கி, டென்னிஸ் பந்துகளை இரண்டாக வெட்டி நான்கு மூலையிலும் கவிழ்த்து, மேலே கல்லை வைத்தேன். வெறும் கல்லை மட்டும் வைத்தால் பிரயோஜனமில்லை, அதிர்வு அப்படியே ஏறும். கல்லும் ரப்பரும் சேர்ந்தால்தான் அடங்கும்.

படி 4: சத்தத்தைச் சமப்படுத்துவது

நான் விழுந்த பள்ளம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நம் காதுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டில் எது சற்றுச் சத்தமாக இருக்கிறதோ அதைத்தான் 'தெளிவு', 'ஆழம்' என்று சொல்லும். ஒரு டெசிபல் வித்தியாசமே போதும். அது சத்தம் கூடியதாகத் தெரியாது, தரம் கூடியதாகத்தான் தெரியும். ஒவ்வொரு பிரஸ்ஸிங்கும் வேறு வேறு அளவில் வெட்டப்பட்டிருப்பதால், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு "ஆஹா" என்பதற்கு அர்த்தமே இல்லை. ஆம்ப்ளிஃபையர் குமிழைத் திருகிக் குத்துமதிப்பாகச் சமன் செய்வதும் வேலைக்கு ஆகாது.

அதனால் இரண்டு தட்டையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்யுங்கள். ஃபோனோ பிரீஆம்ப்பிலிருந்து (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் பெட்டி) ஒரு யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் கருவி), அதிலிருந்து ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம், இதுவே தாராளம். ஆடாசிட்டியின் அளவுமானியில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்து, நடுவில் எந்தக் குமிழையும் தொடாமல் இரண்டையும் பதியுங்கள். பிறகு இரண்டிலும் ஒரே இடத்தில் 30 விநாடி வெட்டி எடுங்கள்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். ஆடாசிட்டியில் 'நார்மலைஸ்' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் இதுதான் சமப்படுத்துவது என்று நினைத்து இரண்டுக்கும் போட்டேன். அது பார்ப்பது உச்சத்தை மட்டும். தம்தம் தட்டில் 'டைம்' பாட்டின் நடுவே ஒரு கீறல், 'டக்' என்று ஒரு அடி. வரைபடத்தில் அது மட்டும் ஒற்றைப் பனைமரமாக நிற்கும். மென்பொருள் அந்தப் பனைமரத்தின் தலையை மேல்கோட்டில் நிறுத்தியது. பாட்டு முழுவதும் அதன் காலடியில் புல்லாகக் கிடந்தது. கீறலில்லாத 2016 தட்டில் டிரம்ஸ் அடியே உச்சம் என்பதால் பாட்டு மேலே ஏறி நின்றது. சமப்படுத்திவிட்டோம் என்று நம்பிக்கொண்டு, நானே 4 டெசிபல் வித்தியாசத்தை உண்டாக்கி, அதைக் கேட்டு இந்தியப் பிரஸ்ஸிங்கைத் திட்டியிருக்கிறேன்.

நீங்கள் எடுக்க வேண்டியது 'லவுட்னஸ் நார்மலைசேஷன்'. இது உச்சத்தை விட்டுவிட்டு, காதுக்கு மொத்தமாக எவ்வளவு சத்தம் என்று கணக்கிடும். அதில் மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (அந்த மொத்தச் சத்தத்தின் அளவு) என்று வரும். அப்படியே விடலாம், இரண்டு கோப்புக்கும் ஒரே எண்ணாக இருந்தால் போதும். இடது வலது சேனல்களைத் தனித்தனியாகச் சமன் செய்யும் கட்டத்தில் டிக் போடாதீர்கள். போட்டால் ஸ்டீரியோ அமைப்பே சாய்ந்துவிடும்.

படி 5: எந்த இடத்தைக் கேட்பது

டார்க் சைடு என்றால் மூன்று இடம். முதல் பக்கத் தொடக்கத்தில் இதயத் துடிப்பு மெல்ல எழும் இடம். அங்கே பாட்டை விட வினைலின் இரைச்சல்தான் கேட்கும் என்பதால், தட்டின் பொருள் எப்படி என்று தெரிந்துவிடும். அடுத்தது 'டைம்' தொடக்கத்தில் கடிகாரங்கள் சேர்ந்து அடிப்பது. மேல் ஸ்தாயி மழுங்கியிருந்தால் மணிகள் தனித்தனியாகக் கேட்காது. மூன்றாவது, அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டில் பாடகி கிளேர் டோரி வார்த்தையே இல்லாமல் உச்சத்தில் பாடுவது. தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக ஒரு சுற்றின் நீளம் குறைந்து, பள்ளத்தில் வெட்டிய அலைகள் நெருக்கமாகி, குரல் சிராய்க்கும். பழைய முதலாளி மழுங்கிய ஊசியில் ஓட்டியிருந்தால் அதுவும் இங்கேதான் பல்லை இளிக்கும். அந்தத் தேய்மானத்தைப் பிரஸ்ஸிங்கின் குற்றமாக எழுதிவிடாதீர்கள்.

படி 6: கண்ணைக் கட்டிக்கொண்டு

எது ஏ, எது பி என்று தெரியாமல் கேட்க வேண்டும். ஃபூபார் 2000 என்ற கம்ப்யூட்டர் பிளேயருக்கு ஏ.பி.எக்ஸ். என்ற துணைநிரல் இருக்கிறது, அது தானாகவே கலைத்துப் போடும். எனக்கு ஆள் வைத்துச் செய்வதுதான் பிடிக்கும். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் காசு சுண்டிப் போட்டு, தலையா பூவா பார்த்து, கோப்பை ஓட்டினாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பதில் சொன்னேன். நாலாவது தடவையிலேயே, "மாமா, ரெண்டும் ஒண்ணுதான், சும்மா அடிச்சு விடறீங்க" என்றாள்.

பதினாறு தடவை செய்யுங்கள். 12 சரியாக வந்தால் நம்பலாம். வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் அவ்வளவு வருவதற்கு 4 சதவீத வாய்ப்புதான். எனக்கு 'டைம்' மணிகளில் 13 வந்தது. தம்தம் தட்டில் மணிகள் கொஞ்சம் மென்மையாக இருக்கின்றன, அது உண்மை. 'மணி' (Money, பணம்) என்ற பாட்டில் 9 தான். பாஸ் கிட்டாரைக் கேட்டு இரண்டையும் பிரிக்க என்னால் முடியவில்லை. மூன்று மாதம் 'பாஸே இல்லை' என்று சொல்லித் திரிந்தவன் நான். இதெல்லாம் என்னிடம் உள்ள ஒரு பிரதியைப் பற்றியதுதான், தம்தம்மில் வந்த எல்லாவற்றுக்கும் தீர்ப்பு இல்லை.

பின்சேர்க்கை 1: பாலக்கோட்டு வாசகர் ஒருவர், இரண்டு பதிவையும் ஒன்றாக ஓடவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் முன்பின்னாகிவிடுகிறது, தன் டர்ன்டேபிள் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தார். இல்லை. பெல்ட் ஓட்டத்தில் நூலிழை வித்தியாசம் எப்போதும் இருக்கும். அதனால்தான் 30 விநாடித் துண்டு போதும் என்றேன். முழுப் பாட்டையும் பொருத்தப் பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: ஓசூரிலிருந்து இன்னொருவர். மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிளில் எந்தப் பிரஸ்ஸிங்கைப் போட்டாலும் பாட்டு தூங்கி வழிகிறதாம். 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் விநாடிக்கு எத்தனை முறை அலையடிக்கிறது என்பதை, மாற்றாது. அங்கே 60, இங்கே 50. அந்த வகை மோட்டார் கரண்டின் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும் என்பதால், 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 28-க்கும் கீழே ஓடியிருக்கிறது. மோட்டார் முனையில் இருக்கும் சின்னக் கப்பியை 1.2 மடங்கு விட்டத்தில் பித்தளையில் கடைந்துகொள்ளச் சொன்னேன். ஓசூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? போன வாரம் வீடியோ அனுப்பியிருந்தார். கப்பி மஞ்சளாக மின்னிக்கொண்டு சுற்றுகிறது, பாட்டு சரியான வேகத்தில் வருகிறது. பெல்ட் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதாம்.