பழைய வளவிலும் மில் காணியிலும் மெற்றல் டிடெக்டர்: ஆணிகளுக்கு நடுவே காசைப் பிடிப்பது எப்படி

கடற்கரை மணலில் மெற்றல் டிடெக்டர் கத்தினால் தோண்டிப் பார்க்கலாம். ஒரு சோடா மூடியாவது வரும். பழைய வீடு இடிந்து கிடக்கும் வளவில் அப்படி வேலை பார்க்க முடியாது. கூரை மரம் உக்கி விழுந்த இடமெல்லாம் ஆணி, பிணைச்சல், கம்பித் துண்டு, தகரம். மெஷின் வாய் மூடாமல் கத்தும். புதிதாக வாங்கியவர்களில் அநேகர் அரை நாளில் அலுத்துப்போய் மெஷினை அலுமாரிக்குள் வைப்பது இதனால்தான். இந்தக் குறிப்பில் நான் நின்று நிதானமாகச் சொல்லப்போவது அந்த ஆணிப் பிரச்சினையை மட்டும்தான். மெஷினைப் பூட்டுவது, பெட்டரி போடுவது எல்லாம் கூட வரும் புத்தகத்திலேயே இருக்கிறது.

மெஷினைத் தொட முன்

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி இலங்கை மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசாங்கத்துச் சொத்து. காணி உங்களுடையது என்றாலும் இதே கதைதான். தொல்பொருள் தேடி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டுவது குற்றம். ஆகவே கோட்டை, பழைய கோவில், விகாரை, ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம், தொல்பொருள் திணைக்களத்தின் பலகை நட்ட இடம் எதற்கும் கிட்டப் போகவேண்டாம். கீழே சொல்வது எல்லாம் போன நூற்றாண்டு வீட்டு வளவு, மூடிக் கிடக்கும் எண்ணெய் மில் காணி போன்ற தனியார் இடங்களுக்கு. அங்கேயும் பழமையான ஒன்று தலைகாட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுத் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள்.

காணிக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைப்பது யாருக்கு என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். போகிற நாளைக் கிராம சேவகருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "ஸ்கேன் மெஷினோடு புதையல் தோண்டியவர்கள் கைது" என்ற செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. நீங்கள் அம்மம்மாவின் தோட்டைத்தான் தேடுகிறீர்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. இரவில் போகவே கூடாது. மெஷினை வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதாக இருந்தால் காசு கட்ட முன் சுங்கத்தில் விசாரியுங்கள்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ கிழக்கிலோ விட்டுவந்த வீட்டு வளவில், இடம்பெயர முன் புதைத்த நகையைத் தேடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணிவெடி அகற்றி முடித்து மக்களிடம் முறைப்படி கையளித்த காணி என்று உறுதியாகத் தெரியாமல் ஒரு அடிகூட வைக்காதீர்கள். பொழுதுபோக்கு மெஷின் கண்ணிவெடி தேடும் கருவி அல்ல. அது நல்ல சத்தம் தந்தாலும் தோண்டுவது உங்கள் கைதான். குண்டு மாதிரி, தோட்டா மாதிரி எது தெரிந்தாலும் தொடாமல் வந்த வழியே திரும்பிப் போய் 119க்கு அழையுங்கள்.

என்ன மெஷின்

ஆணி நிறைந்த காணிக்கு ஆழத்தைவிட இரண்டு பொருளைப் பிரித்துக் கேட்கும் திறமைதான் முக்கியம். ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் வேலை செய்யும் மைன்லாப் இக்குவினொக்ஸ் வகை கையில் இருந்தால் அதுவே போதும். காசு குறைவு என்றால் நொக்டா சிம்ப்ளெக்ஸ். 12 கிலோஹேர்ட்ஸ் ஒற்றை அலைவரிசைதான், ஆனால் கிறவுண்ட் பலன்ஸ், அதாவது மண்ணின் சத்தத்தை ஒதுக்க மெஷினைப் பழக்கும் வசதி, அதில் உண்டு. கிறவுண்ட் பலன்ஸ் வசதியே இல்லாத மலிவு மெஷினை நம் மண்ணுக்கு வாங்கவேண்டாம். ஏன் என்று கீழே வரும்.

மெஷினோடு வரும் 11 அங்குலக் கொயிலை (நிலத்துக்கு மேலே வீசும் வட்டத் தட்டு) கழற்றி வைத்துவிட்டு 6 அங்குலச் சின்னக் கொயில் போடுங்கள். ஆழம் கொஞ்சம் குறையும், குறையட்டும். கொயிலுக்குக் கீழே ஒரே நேரத்தில் ஐந்து ஆணி நிற்பதற்கும் ஒன்று நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஆழத்தைவிடப் பெரிது. அதோடு பின்பொயின்ரர் ஒன்று கட்டாயம். கிடங்குக்குள் பொருள் சரியாக எங்கே என்று காட்டும் சின்னக் கைக்கருவி அது. அது இல்லாமல் மண்ணைப் பிசைந்துகொண்டு இருப்பீர்கள்.

ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். சாதாரண புளூடூத்தில் சத்தம் ஒரு கணம் பிந்தித்தான் காதுக்கு வரும். அதற்குள் கொயில் ஒரு சாண் தாண்டிவிடும், நீங்கள் பிழையான இடத்தைத் தோண்டுவீர்கள்.

மற்றதெல்லாம் புறக்கோட்டை ஹாட்வெயார் கடையில் வாங்கலாம்: மேசன் கரண்டி, தடித்த கையுறை, நைலோன் கயிறு, நான்கு முளை, மண்ணைக் கொட்ட ஒரு பழைய படங்கு. உடைந்த ஸ்பீக்கரில் கழற்றிய பெரிய காந்தம் ஒன்றும் தேடி எடுங்கள். ஏற்பு ஊசி போட்டு எத்தனை வருடம் என்று ஒருமுறை யோசியுங்கள்.

எங்கே தேடுவது

வீட்டுக்குள்ளே அல்ல. இடிந்த சுவருக்குள் ஆணிதான் அதிகம், சுவர் தலையில் விழவும் கூடும். மனிதர் குனிந்த, குந்திய, உடுப்புக் கழற்றிய இடங்களைப் பாருங்கள்: கிணற்றடி, உடுப்புக் காயப்போட்ட கொடி, மாமர நிழல், படலையிலிருந்து வாசற்படி வரை உள்ள பாதை. காணி உறுதியோடு இணைத்த நில அளவைப் படத்தில் கிணறும் பாதையும் குறித்திருக்கும். அந்த வீட்டில் வளர்ந்த ஒரு வயதானவரைக் கூட்டிப்போனால் அதைவிட நல்லது.

மில் என்றால் கதை வேறு. வெள்ளவத்தை நூல் மில் காணியில் இப்போது ஹவ்லொக் சிற்றி மாடிகள் நிற்கின்றன, அங்கே தேட ஒன்றும் இல்லை. நகருக்கு வெளியே மூடிக் கிடக்கும் தேங்காய் எண்ணெய் மில்கள்தான் வாய்ப்பு. இயந்திரம் நின்ற கொட்டகைப் பக்கம் போகாதீர்கள். போல்ட், நட், பெல்ட் கிளிப் தவிர வேறு வராது. கொதிகலன் பக்கம் நிலக்கரி எரிந்த கட்டிகள் கிடக்கலாம். அவையும் உலோகம் மாதிரியே சத்தம் போடும். சம்பளம் கொடுத்த யன்னலடி, தேத்தண்ணிக் கடை இருந்த மூலை, வெளிக்கேற்றடி, இந்த மூன்றும் போதும்.

பற்றைக்குள் கால் வைக்க முன் தடியால் குத்திப் பாருங்கள். கட்டில்லாத கிணறும் உக்கிய மலக்குழி மூடியும் பாம்பைவிட ஆபத்து. உடைந்த அஸ்பெஸ்டஸ் தகடு கிடந்தால் அந்தத் துண்டைக் கிளறாமல் விட்டுவிடுங்கள், தூசு நுரையீரலுக்குக் கூடாது.

மண்ணைப் பழக்குதல்

கொழும்பைத் தாண்டி மகரகம, கடவத்தைப் பக்கம் போனால் கபொக் கல்லும் செம்மண்ணும். அந்தச் சிவப்பே இரும்பு ஒக்சைட்டுத்தான். மண்ணே மெஷினுக்கு உலோகம் மாதிரித் தெரியும். கிறவுண்ட் பலன்ஸ் செய்யாவிட்டால் கொயிலைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் முனகும்.

ஆணி இல்லாத ஒரு முழத் துண்டைக் கண்டுபிடியுங்கள் (இதுதான் கஷ்டம், வேலியோரம் பாருங்கள்). பொத்தானை அமத்திக்கொண்டு கொயிலை ஒரு சாண் உயரத்திலிருந்து நிலத்துக்கு 3 சென்ரிமீற்றர் வரை இறக்கி ஏற்றுங்கள். முனகல் அடங்கும்வரை செய்யுங்கள். காணியின் மறு பக்கம் போனால் திரும்பவும் செய்ய வேண்டும்.

நிலத்தில் ஒன்றும் இல்லாமலே மெஷின் படபடத்தால் மின்கம்பியைப் பாருங்கள். கொழும்பில் தலைக்கு மேலே எப்போதும் ஒரு வயர் போகும். கொயிலை அசைக்காமல் பிடித்து நொய்ஸ் கான்சல் அல்லது அலைவரிசை மாற்றும் பொத்தானை அமத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சென்சிற்றிவிற்றியை, அதாவது மெஷின் எவ்வளவு நுட்பமாகக் கேட்கும் என்ற அமைப்பை, குறையுங்கள். முழுதாகக் கூட்டி வைத்து ஒன்றும் கேளாமல் நிற்பதைவிடக் குறைத்து வைத்துத் தெளிவாகக் கேட்பது நல்லது. பெய்த மழை இரண்டொரு நாள் ஊறிய பிறகு போங்கள். சத்தமும் தெளிவாக வரும், மண்ணும் வெட்டச் சுகம்.

ஆணியும் காசும்

அநேக மெஷின்களில் இரும்பை ஒதுக்கும் வசதி உண்டு, டிஸ்கிரிமினேஷன் என்பார்கள். புதியவர் செய்யும் முதல் வேலை அதைக் கூட்டி வைப்பது. ஆணிச் சத்தம் நின்றுவிடும், காணி அமைதியாகிவிடும், சந்தோஷமாக நடப்பார். காசும் அந்த அமைதிக்குள்ளேயே போய்விடும்.

காரணம் இதுதான். கொயிலுக்குக் கீழே ஆணியும் காசும் பக்கத்தில் கிடந்தால் மெஷினுக்கு வருவது இரண்டும் கலந்த ஒரே பதில். ஆணிக்காக மெஷின் சத்தத்தை வெட்டுகிற அந்தக் கணத்தில் காசின் சத்தமும் சேர்ந்து வெட்டுப்படும். ஒரு பொருளைக் கேட்டு முடித்து அடுத்ததற்குத் தயாராக மெஷினுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். வேகமாக வீசினால் அந்த நேரத்துக்குள் காசைத் தாண்டிவிடுவீர்கள்.

இதை வாசித்து விளங்குவதைவிட வீட்டு முற்றத்தில் செய்து பார்ப்பது சுலபம். உலோகம் இல்லாத தரையில் ஒரு காசை வையுங்கள். இப்போதைய குற்றிகளை எடுக்காதீர்கள். அவை உருக்கு, காந்தத்தில் ஒட்டும், பொருளின் வகையைக் காட்ட மெஷின் திரையில் வரும் எண் துள்ளும். காந்தத்தில் ஒட்டாத பழைய குற்றி ஒன்று வேண்டும். 1978ஆம் ஆண்டு ஒரு ரூபாய் இருந்தால் நல்லது.

டிஸ்கிரிமினேஷனை முற்றாக எடுத்துவிட்டுக் காசுக்கு மேலே கொயிலை வீசுங்கள். வட்டமான, உயர்ந்த ஒரே தொனி வரும். இப்போது ஒரு 3 அங்குல ஆணியைக் காசிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். தாழ்ந்த உறுமல் ஒன்றும் உயர்ந்த தொனி ஒன்றும் தனித்தனியாகக் கேட்கும். 5 சென்ரிமீற்றருக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். உறுமலின் வாலில் ஒரு சின்னக் கீச்சு மட்டும் மிஞ்சும். அந்தக் கீச்சுத்தான் நீங்கள் காணியில் தேடப்போகும் சத்தம். காதுக்குப் பழகும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். பிறகு டிஸ்கிரிமினேஷனைக் கூட்டிவிட்டு அதே இடத்தில் வீசுங்கள். கீச்சும் போய்விடும், அல்லது அரைகுறையாக உடைந்து வரும்.

எனவே காணியில் இரும்பை ஒதுக்காதீர்கள். இரும்புத் தொனியின் சத்தத்தை மட்டும் குறைத்து வையுங்கள். ரிக்கவரி ஸ்பீட் (அடுத்த பொருளுக்கு மெஷின் தயாராகும் வேகம்) அமைப்பு இருந்தால் கூட்டுங்கள். வீச்சை ஒரு முழத்துக்குள் சுருக்கி, வழக்கமான வேகத்தில் பாதிக்குக் குறையுங்கள். கொயில் நிலத்தை ஒட்டியே போகட்டும், ஓரங்களில் தூக்கவேண்டாம்.

கீச்சு வந்தால் உடனே தோண்டாதீர்கள். நீட்டுக்குக் கிடக்கும் ஆணியின் நுனியும் சிலவேளை காசு மாதிரிக் கீச்சிடும். நின்ற இடத்திலிருந்து கால்வட்டம் சுற்றிப்போய் மறு திசையில் வீசுங்கள். கீச்சு மறைந்து உறுமல் மட்டும் வந்தால், அல்லது மெஷினின் பின்பொயின்ற் பொத்தானை அமத்தும்போது அது காட்டும் இடம் கீச்சு வந்த இடத்திலிருந்து நாலைந்து விரல் தள்ளிப்போனால், அது ஆணி. இரண்டு திசையிலும் அதே புள்ளியில் கீச்சிட்டால் தோண்டுங்கள். ஒரு திசையில் மட்டும், ஆனால் எத்தனை தரம் வீசினாலும் அதே புள்ளியில் வந்தால் அதையும் தோண்டுங்கள். ஆணிக்குப் பக்கத்தில் ஒளித்துக்கொண்ட காசு அப்படித்தான் பேசும்.

ஆணி காசுக்கு நேர் மேலே கிடந்தால் எந்த மெஷினாலும் முடியாது. ஆணியை எடுத்தால்தான் காசு கேட்கும். அதற்குத்தான் ஸ்பீக்கர் காந்தம். 2 மீற்றருக்கு 2 மீற்றர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குக் கிளறி, காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுங்கள். முள்ளம்பன்றி மாதிரி ஆணி ஒட்டிக்கொண்டு வரும். ஒரு வாளியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள், திரும்ப அங்கேயே கொட்டவேண்டாம். பிறகு வடக்குத் தெற்காக ஒருமுறை, கிழக்கு மேற்காக ஒருமுறை வீசுங்கள். ஒரு நாளில் இரண்டு சதுரம் ஒழுங்காக முடித்தால் காணி முழுவதும் நடந்ததைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

தோண்டுவதும் கிடைப்பதும்

புல்லை மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கம் ஒட்டியபடி மடித்துத் திறவுங்கள். மண்ணைப் படங்கில் கொட்டுங்கள். கரண்டியை நடுவில் குத்தாமல் ஓரத்திலிருந்து நெம்புங்கள். காசின் முகத்தில் விழும் கீறலை யாராலும் அழிக்க முடியாது. சத்தம் ஒரு கோடாக நீண்டு போனால் அது தண்ணீர்க் குழாய் அல்லது மின்வயர், அந்தக் கோட்டில் கை வைக்காதீர்கள். முடிந்ததும் கிடங்கை மூடி மிதித்துவிடுங்கள்.

பிரித்தானியர் காலச் செப்புச் சதம் நல்ல உயர்ந்த தொனி தரும். சதுர ஐந்து சதமும் ஓரம் நெளிந்த இரண்டு சதமும் அதற்குக் கீழே நிற்கும்.

தங்கம் தேடுபவருக்கு ஒரு கெட்ட செய்தி. சின்ன மோதிரமும் தோடும் சிகரெட் பெட்டித் தாளும் மெஷினில் கிட்டத்தட்ட ஒரே எண்ணில்தான் வரும். நடுத்தர எண்களைத் தவிர்த்தால் தங்கத்தையும் தவிர்க்கிறீர்கள். மெல்லிய சங்கிலி அதைவிட மோசம். ஒவ்வொரு கண்ணியையும் மெஷின் தனித்தனிச் சின்னப் பொருளாகப் பார்ப்பதால் முழுச் சங்கிலிக்கும் சத்தமே வராமல் போகலாம். பதக்கம் அல்லது கொக்கிதான் காட்டிக்கொடுக்கும். பலவீனமான சத்தத்தையும் விடாதீர்கள்.

காசை விரலால் தேய்க்காதீர்கள். புளி, தேசிக்காய், பிராசோ எதுவும் வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீரில் (பெட்டரிக்கு விடும் தண்ணீர்) சில நாள் ஊறப்போட்டு, மண் இளகியதும் பல்குத்தும் குச்சியால் தள்ளுங்கள்.

பின்சேர்க்கை: சோடா மூடி

வாசித்தவர்களிடமிருந்து அதிகம் வந்த முறைப்பாடு இது. நசிந்த சோடா மூடி இரும்பு என்றாலும் காசு மாதிரி உயர்ந்த எண் காட்டி ஏமாற்றுகிறது. கொயிலை நேர் மேலே வைத்துக் கேட்காமல், மெல்ல உங்கள் பக்கம் இழுத்து கொயிலின் முன் ஓரம் மட்டும் பொருளைத் தொடும்படி ஆட்டுங்கள். மூடி என்றால் அந்த ஓரத்தில் தொனி உடைந்து இரும்பாக மாறும். காசு கடைசிவரை காசாகவே கேட்கும், சத்தம் மட்டும் மங்கும். துருப்பிடித்து அரைவாசி கரைந்த மூடிகளில் இந்த வித்தை சரிவராது, அவற்றைத் தோண்டித்தான் ஆகவேண்டும்.