எழுத்தறிவு, கலை, கருத்துச் சுதந்திரம்: மட்டக்களப்பு, அம்பாறைச் சிறு அமைப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வாசிப்பையும் கலையையும் கருத்துச் சுதந்திரத்தையும் வளர்க்க முனையும் சிறிய, இலாப நோக்கற்ற அமைப்புகள் பலவற்றின் உழைப்பு வீணாவதற்குப் பணத் தட்டுப்பாட்டை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மக்களுக்குச் சொந்தமாகச் சொல்ல எதுவும் இல்லை என்று எண்ணி, அவர்களுடைய இடத்தில் அமைப்பே பேசத் தொடங்கிவிடுகிறது. கீழே சொல்லப்படும் தவறுகளிற் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

பதிவைத் தள்ளிப்போடுவது முதல் தவறு. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகவோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ பதியலாம். எதைத் தெரிவுசெய்தாலும், வங்கிக் கணக்கை ஒருவரின் தனிப்பெயரில் வைத்திருக்கக் கூடாது.

நூலகம் என்ற பெயரில் நடப்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நன்கொடையாக வரும் பெட்டிகளைத் திறந்தால், பழைய பாடத்திட்டத்துக்குரிய பயிற்சி நூல்களும், தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுப்புகளும், ஊரில் எவரும் புரட்டாத கனத்த ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களுமே மேலே இருக்கும். அவை கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கப்பட்டு, திறப்பு செயலாளர் வீட்டில் இருக்க, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் ஒரு கிராமத்துப் பிள்ளை கண்ணாடிக்கு வெளியே நின்று அட்டையை மட்டும் பார்த்துப் போகிறது. புத்தகம் கிழியும் என்ற அச்சத்தில் இரவல் கொடுக்காத நூலகம் நூலகமே அல்ல. கிழிந்தால் ஒட்டலாம், தொலைந்தால் மறுபடி வாங்கலாம். இரவல் பதிவேட்டில் எந்த நூல் அடிக்கடி வெளியே போகிறது என்று பார்த்து, அதைப் போன்றவற்றையே அடுத்து வாங்குவது நல்லது.

போரினாலும் இடப்பெயர்வினாலும் படிப்பை இடைநிறுத்திய பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துவோர், குழந்தைகளின் அரிச்சுவடியையே அவர்களிடமும் நீட்டுகிறார்கள். அவர்கள் கூச்சத்தோடு இரண்டு நாள் வந்து நின்றுவிடுகிறார்கள். அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசுமவின் விண்ணப்பத்தைத் தானே நிரப்ப வேண்டும், வெளிநாட்டில் வேலை செய்யும் மகள் அனுப்பும் செய்தியைத் தானே வாசிக்க வேண்டும் என்பதே ஒரு தாயின் தேவையானால், வகுப்பு அந்தத் தாளிலிருந்தே தொடங்கட்டும். பெரும்போக அறுவடைக் காலத்திலும் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களிலும் வகுப்பு வைத்துவிட்டு, மக்களுக்கு ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதுவது நியாயமில்லை.

கூத்தை எழுத்தறிவோடு சேர்க்காமல், விருந்தினருக்குக் காட்டும் காட்சிப் பொருளாக நடத்துவது என்னை மிகவும் வருத்தும் தவறு. வட்டமான திறந்தவெளி அரங்காகிய வட்டக்களரியில் விடியும்வரை ஆடப்படும் வடமோடி, தென்மோடி என்ற இரு பாணிக் கூத்துகளில் ஒன்றை 20 நிமிடமாகச் சுருக்கி, மண்டப மேடையில் ஆடவிட்டுப் படமெடுத்து அனுப்புவதோடு பலரின் கலைப்பணி முடிந்துவிடுகிறது. ஆடுவோருக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டை வழங்கும் சட்டங்கொடுத்தலிலிருந்து அரங்கேற்றம் வரை, கூத்தைப் பயிற்றும் ஆசானாகிய அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்குகிறார். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறுகிறவர்கூடத் தன் பாத்திரத்தின் பாட்டு முழுவதையும் மனனம் செய்கிறார். மனப்பாடமான அந்தப் பாட்டைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தால், வாய்க்குத் தெரிந்த சொல்லைக் கண் அடையாளம் காணும். அதைவிடப் பொருத்தமான வாசிப்புப் பாடத்தை எந்த அச்சகமும் தந்துவிடாது. அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ என்ற ஆய்வு நூலைத் தந்தவரும் அவரே. கல்வியும் கலையும் ஒரே பணியாகக் கருதப்பட்ட மண்ணில் நாம் அவற்றை இரண்டு திட்டங்களாகப் பிரிக்க வேண்டியதில்லை.

அண்ணாவியார் கூத்துப் பாட்டுகளை எழுதிவைத்திருக்கும் கொப்பியைப் படம்பிடித்து, அவரிடம் கேட்காமல் அமைப்பின் பெயரில் அச்சிடுவதும் நடக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் உரிமையை அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் காக்கிறது. ஆகவே அவராகவே எழுதிய கூத்தானால் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பரம்பரையாக வந்த பிரதியானாலும் அதைக் காத்தவர் பெயரைப் போடுவதும், பழக்குவதற்கு உரிய கூலியைக் கொடுப்பதும் கடமையாகும்.

தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் ஒரு தெருவால் மட்டும் பிரியும் இடங்களில், ஒரு பக்கத்துப் பிள்ளைகளை மட்டும் சேர்த்து நடத்தும் வாசிப்பு வட்டம் தொடக்கத்திலேயே குறைபட்டது. இரு பக்கத்திலிருந்தும் பொறுப்பாளர்களைத் தெரிவுசெய்த பிறகே இடத்தையும் நேரத்தையும் முடிவுசெய்ய வேண்டும்.

கருத்துச் சுதந்திரத்தை இலங்கை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை உறுதிசெய்கிறது. ஆயினும் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் மட்டக்களப்பிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாகி, 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரிலேயே வழக்கிலிருந்து விடுதலையானார். இவற்றை மறந்து, தாம் நடத்தும் இதழில் எழுதியவரின் பெயரையும் ஊரையும் படத்தையும் அவரைக் கேட்காமலே வெளியிடும் அமைப்புகளும் உண்டு. இவற்றுக்கு அஞ்சி, கடினமான வரிகளை எழுதியவருக்குத் தெரியாமல் வெட்டிவிடும் அமைப்புகளும் உண்டு. இரண்டிலும் முடிவு எழுதியவரின் கையைவிட்டுப் போகிறது. ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, உண்மைப் பெயரா புனைபெயரா, வரி இருக்கவா மாற்றவா என்று அவரையே தீர்மானிக்க விட வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். சிக்கல் வந்தால் உடனே அழைக்கக்கூடிய சட்டத்தரணி ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போகும் இறுதிப் பக்கத்தை எழுதியவரிடம் காட்டி ஒப்பம் பெற்ற பின்னரே இதழை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.